“கேட்டுட்டு வந்து சொல்றேன் சார்”

அன்புள்ள மேடம்,

உங்கள் பெயரை இந்த மடலில் எழுதப்போவதில்லை. என் பெயரும் இதில் இருக்காது. சிகிச்சைக்கு வந்தவரைப் பற்றி வெளியே வாய் திறக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்களைக் கட்டிவைத்திருக்கிறது. என்னை எந்தச் சட்டமும் கட்டவில்லை. ஆனாலும், எங்கோ ஓர் ஊரில் இப்போது வேலையில் இருக்கும் உங்களிடம் யாராவது இதைக் காட்டி, “இது நீங்கதானே?” என்று கேட்டால், ஆமாம் என்றும் சொல்ல முடியாமல் இல்லை என்றும் சொல்ல முடியாமல் நீங்கள் விழிக்க வேண்டிவரும். அதனால் வெறும் மேடம். “மேடம் எல்லாம் வேண்டாம் சார், உங்க பொண்ணு வயசுதான் எனக்கு” என்று முதல் நாளே சொன்னீர்கள். என் பெண் வயதில் வங்கியிலும் எனக்கு ஒரு மேலதிகாரி இருக்கிறார். அவரையும் மேடம் என்றுதான் கூப்பிடுகிறேன். பழகிவிட்டது.

கடிதத்தை உங்களுக்கே அனுப்பியிருக்கலாம். பத்திரிகைக்கு எழுதுவதற்குக் காரணம், இந்த நன்றியில் உங்களைத் தவிர வேறு பலருக்கும் பங்கு இருக்கிறது; அவர்களில் பாதிப் பேர் முகம்கூட எனக்குத் தெரியாது. இன்னொரு காரணமும் உண்டு. “ட்ரெய்னிங்ல இருக்கிற பசங்க கையில போய் மாட்டிக்காதீங்க” என்று எனக்குச் சொன்னவர்கள், அதே வார்த்தையை இன்றைக்கும் யாரிடமாவது சொல்லிக்கொண்டிருப்பார்கள். என் மைத்துனர் ஒருபடி மேலே போய், ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்ற பழமொழியையும் எடுத்துவிட்டார். எத்தனையாவது ஆளாக நான் போகிறேனோ என்று அவருக்குக் கவலை.

ஓசூர்ப் பக்கம், பெங்களூரு மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸின் பெயரே ஒரு வசவு. சென்னைக்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கம், தெற்கத்திக்காரர்களுக்கு ஏர்வாடி, எங்களுக்கு நிம்ஹான்ஸ். பெங்களூரு பஸ் அத்திப்பள்ளி தாண்டும்போது, மஞ்சப்பையில் துருத்திக்கொண்டிருக்கும் ஃபைலைப் பார்த்துவிட்டுப் பக்கத்து சீட்காரர் “ஆஸ்பத்திரிக்கா?” என்பார். நிம்ஹான்ஸும் கித்வாய் புற்றுநோய் மருத்துவமனையும் அடுத்தடுத்து இருப்பவை. “கித்வாய்” என்று சொல்லிவிடுவேன். அவர் முகத்தில் இரக்கம் வந்துவிடும். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுப்பார். உண்மையைச் சொல்லியிருந்தாலும் தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார், காரணம்தான் வேறாக இருந்திருக்கும்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான், படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். நான் ஒரு கூட்டுறவு வங்கியில் கேஷியர். வீடு ஓசூரில், கிளை தேன்கனிக்கோட்டை சாலையில். டி.வி.எஸ். தொழிற்சாலை இருக்கும் ஊர். டூவீலர் ஓட்டத் தெரியாத ஆளை எங்கள் ஊரில் தேடித்தான் பிடிக்க வேண்டும். நானும் வாலிப வயதிலிருந்து ஓட்டியவன். ஒரு நாள் சாயங்காலம் வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. யார் மேலாவது ஏத்திட்டோமோ என்று ஒரு நினைப்பு. திரும்பிப் பார்த்தேன், யாருமில்லை. நினைப்பு போகவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்ப் பார்த்தேன், பள்ளம்தான். சரி என்று கிளம்பினால், பள்ளத்தையே நினைத்துக்கொண்டு வந்ததில் வழியில் யாரையாவது கவனிக்காமல் இடித்திருந்தால் என்று அடுத்த நினைப்பு. அதற்காக மறுபடி ஒரு தடவை. அரை மணி நேர வழி, வீடு வந்து சேர ராத்திரி ஆகும்.

காலையில் பேப்பர் வந்ததும் தினத்தந்தியில் விபத்துச் செய்திகளைத்தான் முதலில் தேடுவேன். ‘அடையாளம் தெரியாத வாகனம் மோதி முதியவர் பலி’ என்று எங்காவது ஒரு மூலையில் போட்டிருப்பார்கள். அந்த அடையாளம் தெரியாத வாகனம் என்னுடையதுதான் என்று முடிவுகட்டிவிடுவேன். சம்பவம் நடந்தது திண்டிவனம் பக்கமாக இருந்தாலும், மனசு அதற்கும் ஒரு வழி கண்டுபிடிக்கும். பிறகு வண்டியை விட்டேன். பஸ்ஸில் போனேன். அப்புறம் நடக்கும்போதே யாரோ பாட்டியைத் தோளால் தள்ளிவிட்டோமோ என்று திரும்பிப் பார்க்க ஆரம்பித்தேன். கவுண்டரில் மெஷின் எண்ணிக் கொடுத்த கட்டை நான் கையால் எண்ணி, சந்தேகம் வந்து மறுபடி எண்ணியதில், வரிசையில் நிற்பவர்கள் கத்தத் தொடங்கினார்கள். வீட்டில் என் மனைவியிடம் கேட்பது ஒரே கேள்வி: “நான் யாரையும் இடிக்கலையே?” அவள் எங்கே பார்த்தாள்? ஆனாலும் “இல்லைங்க” என்பாள். கொஞ்ச நேரம் நிம்மதி. மறுபடி அதே கேள்வி.

சந்திரசூடேஸ்வரர் மலைக்கு அவள் வேண்டிக்கொண்டு ஏறினாள். தாயத்து வந்தது. ஒரு டாக்டர், “டென்ஷன் ஆகாதீங்க” என்று சொல்லித் தூக்க மாத்திரை எழுதினார். நன்றாகத் தூங்கினேன், விழித்ததும் அதே நினைப்பு.

கடைசியில் நிம்ஹான்ஸுக்குப் போய், மருத்துவ உளவியல் பயிற்சியில் இருந்த உங்களிடம் முதலில் வந்து உட்கார்ந்தபோது எரிச்சல்தான் வந்தது. ‘வொர்க்-அப்’ என்றீர்கள். பிறந்த ஊர், பிரசவம் எப்படி, பள்ளிக்கூடத்தில் எப்படி, தாத்தா பாட்டிக்கு இப்படி ஏதாவது பழக்கம் உண்டா, கல்யாணம் யார் பார்த்து வைத்தது, என்ன சாப்பிடுகிறேன், எத்தனை மணிக்குத் தூங்குகிறேன். நீங்கள் எழுதிக்கொண்டே இருந்தீர்கள். என் பாட்டி கதவுத் தாழ்ப்பாளைப் படுக்கப்போகும் முன் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள் என்பது பல வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது. நான் உங்களிடம் சொன்னபோது நீங்கள் சிரிக்கவில்லை, அதையும் எழுதிக்கொண்டீர்கள். இவ்வளவு நேரம் உட்கார்ந்து என் கதையைக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். என் பெற்றோரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பெரிய டாக்டருக்கு இதற்கு நேரம் இருக்காது. அவர் கெட்டவர் என்பதில்லை. வெளியே கூடத்தில் டிபன் கேரியரும் கையுமாகக் கன்னடம், தமிழ், தெலுங்கு, மலையாளம், இந்தி பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கூட்டத்தைப் பார்த்தால் அவரைக் குறை சொல்லத் தோன்றாது. உங்களுக்கு நேரம் இருந்தது. ஏனென்றால் நீங்கள் படித்துக்கொண்டிருந்தீர்கள். எழுதியதை முழுக்க உங்கள் மேற்பார்வையாளர் முன்னால் வைத்துப் பதில் சொல்லியாக வேண்டும். பாட்டியின் தாழ்ப்பாளை விட்டிருந்தால் அவர் கேட்டிருப்பார். பயிற்சி என்பதால் சல்லிசாகப் பார்க்கிறார்கள் என்றுதான் வெளியே பேச்சு. கட்டணம் குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் எனக்குக் கிடைத்த நன்மை அதுவல்ல. ஒரு மாணவியின் முழுக் கவனம் எனக்குக் கிடைத்தது.

பயத்துக்குப் பெயர் சொன்னீர்கள்: ஓ.சி.டி., தமிழில் எண்ணச் சுழற்சி நோய். யேல்-பிரவுன் என்று ஓர் அளவுகோல். 10 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 40. 24ஐத் தொட்டால் ‘கடுமை’. நான் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தேன். எனக்கு அதைவிடப் பெரிய ஆச்சரியம் வேறு. வண்டி ஓட்டிக்கொண்டு போகும்போது யாரையோ ஏற்றிவிட்டதாக நினைத்துத் திரும்பித் திரும்பிப் போய்ப் பார்ப்பது இந்த நோயின் ஒரு வகை என்று உங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது என்றீர்கள். என் பைத்தியக்காரத்தனம் அச்சில் இருக்கிறதா! யாருக்கும் வராத ஒன்று எனக்கு மட்டும் வந்துவிட்டது, இதை வெளியே சொன்னால் போலீஸில் பிடித்துக் கொடுத்துவிடுவார்கள் என்று பயந்து கிடந்தவன் நான்.

அப்புறம் நான் கேள்விகள் கேட்கத் தொடங்கினேன். கேஷியர் புத்தி. இது பரம்பரையா? என் பெண்ணுக்கு வருமா? மாத்திரையை வாழ்நாள் முழுக்கப் போட வேண்டுமா? நிஜமாகவே ஒரு நாள் இடித்துவிட்டால்? சிலவற்றுக்குப் பதில் உடனே வந்தது. சிலவற்றுக்கு நீங்கள் பேனாவை மூடிவிட்டு, “தெரியல சார். கேட்டுட்டு வந்து சொல்றேன்” என்றீர்கள். அடுத்த வாரம் நான் மறந்து போயிருப்பேன். நீங்கள் மறக்க மாட்டீர்கள். “போன தடவை ஒண்ணு கேட்டீங்கல்ல சார்” என்று ஆரம்பிப்பீர்கள்.

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்த மடலே. ஐம்பது வயதுக்கு மேல் ஆகிவிட்டது; டாக்டர், வக்கீல், ஆடிட்டர், ஜோசியர் என்று எத்தனையோ பேர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். தெரியவில்லை, கேட்டுவிட்டு வருகிறேன் என்று எவரும் சொன்னதில்லை. தெரியாததை மறைக்கத் தெரிந்தவர்களிடம்தான் நாம் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறோம். நிச்சயம் வேண்டும், நூற்றுக்கு நூறு நிச்சயம் வேண்டும் என்று துடிப்பதுதான் என் நோய். அந்த நோய்க்காரன் எதிரில் உட்கார்ந்து, தெரியாது என்று சொல்லிவிட்டு ஒரு வாரம் நிம்மதியாக இருந்துகாட்டினீர்களே, அதுவே எனக்குப் பாதி வைத்தியம். நீங்கள் அப்படி நினைத்துச் செய்திருக்க மாட்டீர்கள் என்பதும் தெரியும்.

வங்கியில் பெட்டகத்துக்கு இரண்டு சாவி. ஒன்று என்னிடம், ஒன்று மேலாளரிடம். ஒருவர் சாவியால் மட்டும் திறக்காது. என் மேல் நம்பிக்கை இல்லாமல் அப்படி வைக்கவில்லை. பணம் ஊர்ப் பணம் என்பதால் வைத்திருக்கிறார்கள். உங்கள் அறையிலும் இரண்டு சாவி இருந்தது. இரண்டாவது சாவிக்காரரை நான் ஒரே முறைதான் பார்த்தேன். ஓரமாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கன்னட வாடை அடித்த தமிழில் என்னிடம் ஒரே கேள்வி கேட்டார்: “திரும்பிப் போய்ப் பாக்கலேன்னா, அன்னிக்கு ராத்திரி உங்களுக்கு என்ன ஆகும்?” எனக்குப் பதில் வரவில்லை. ராத்திரி முழுக்கத் தூங்க மாட்டேன், சரி, அதற்கப்புறம்? அதுவரை நான் யோசித்ததே இல்லை. தலையாட்டிவிட்டு எழுந்து போனார்.

அடுத்த வாரம் நீங்கள் வந்து சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “போன வாரம் நான் கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன் சார். என் சூப்பர்வைசர் சொன்னாங்க. ஒரு படி கீழ இறங்கிப்போம்.” நோயாளியிடம் இப்படிச் சொன்னால் மதிப்புக் குறையும் என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அன்றைக்குத்தான் முழு நம்பிக்கை வந்தது. நீங்கள் சறுக்கினால் பிடிக்க ஆள் இருக்கிறது, நீங்களும் அவர் பேச்சைக் கேட்கிறீர்கள். தனியாக கிளினிக் வைத்திருக்கும் ஒரு கைதேர்ந்த டாக்டரிடம் எனக்கு இது கிடைத்திருக்காது.

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று பிறகு தேடிப் படித்தேன். 1896இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லைட்னர் விட்மர் என்பவர் தொடங்கியதைத்தான் உலகின் முதல் உளவியல் கிளினிக் என்கிறார்கள். எழுத்துக்கூட்டி எழுத வராத 14 வயதுப் பையன் ஒருவனை அவனுடைய பள்ளி ஆசிரியை அவரிடம் அனுப்பினாராம். அங்கிருந்துதான் ஆரம்பம். ஆக, இந்தத் துறையின் முதல் கிளினிக்கே ஒரு பல்கலைக்கழகத்துக்குள்தான் இருந்திருக்கிறது. படிப்பும் வைத்தியமும் அங்கே ஒரே கூரையின் கீழ். பெங்களூரில் 1954இல் அகில இந்திய மனநல நிறுவனம் திறந்தார்கள். மறு ஆண்டே மருத்துவ உளவியலுக்குப் பட்டயப் படிப்பு தொடங்கிவிட்டது. 1974இல் அதுவும் மைசூர் அரசின் பழைய மனநல மருத்துவமனையும் சேர்ந்து நிம்ஹான்ஸ் ஆயிற்று. 1994இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். மைத்துனர் பயந்த ‘ட்ரெய்னிங் பசங்க’ அங்கே நடுவில் வந்து ஒட்டிக்கொண்டவர்கள் இல்லை. அவர்களை உருவாக்கவும் சேர்த்துத்தான் அந்த இடத்தையே கட்டியிருக்கிறார்கள்.

உருவாக்காமல் முடியவும் முடியாது. நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு 2015–16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் எடுக்கப்பட்டது; பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மனநலக் கோளாறு இருந்தது. எங்கள் கிளையில் ஒரு நாளைக்கு வரும் கூட்டத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். (கணக்குப் போடாமல் இருக்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியும்.) வரிசையில் எனக்கு முன்னால் நிற்பவர்களில் எத்தனையோ பேர் என்னைப் போலக் கித்வாய் என்று சொல்லிக்கொண்டு போகிறவர்களாக இருக்கலாம்.

சிகிச்சைக்கு வருகிறேன். பயத்தை எதிர்கொள்ள வைப்பது, அதன்பின் வழக்கமாகச் செய்யும் ‘சரிபார்ப்பு’ வேலையைச் செய்யவிடாமல் தடுப்பது, இவ்வளவுதான் முறை என்றீர்கள். 1966இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் இரண்டு நோயாளிகளிடம் செய்துபார்த்து எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்தது, அதற்கு முன்பு இந்த நோய் தீராது என்றே பலரும் விட்டிருந்தார்கள் என்று சொன்னீர்கள். என்னைச் சம்மதிக்க வைக்கத்தான் அவ்வளவு சரித்திரம். நோட்டில் ஒரு ஏணி வரைந்தோம். கீழ்ப்படி, ஸ்பீடு பிரேக்கர் சத்தத்தைக் கேட்பது, பயம் 20. நடுவில், பேப்பரில் விபத்துச் செய்தி பார்க்காமல் ஒரு நாள். உச்சிப்படி, மழைபெய்யும் ராத்திரியில் பள்ளிக்கூடம் வழியாக வண்டி ஓட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வருவது, பயம் 100.

முதல் பாடத்தை அங்கேயே நடத்தினீர்கள். புறநோயாளிகள் கூட்டத்துக்குள் நடக்க வேண்டும், பக்கத்தில் நீங்கள். கைத்தடி ஊன்றிய பெரியவர்கள், ஓடும் குழந்தைகள், தரையில் பெட்ஷீட் விரித்து உட்கார்ந்திருக்கும் குடும்பங்கள். தோளில் யாரோ உரசினார்கள். கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. “இப்ப எவ்வளவு சார்?” என்றீர்கள். “எண்பது.” “நடந்துக்கிட்டே இருங்க.” கொஞ்ச தூரம் போனதும், “இப்ப?” “எண்பத்தஞ்சு.” நீங்கள் அசரவில்லை. கூடத்தின் அந்த முனையில் தண்ணீர்க் குழாய் பக்கம் நின்றோம். எதுவும் செய்யவில்லை, நின்றோம், அவ்வளவுதான். சட்டை முதுகு நனைந்துவிட்டது. நீங்கள் என் முகத்தைப் பார்க்காமல் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அறுபது ஆயிற்று. நாற்பத்தைந்து ஆயிற்று. திரும்பிப் பார்க்காமலே பயம் இறங்கும் என்று உடம்புக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான். நீங்கள் அதை வாயால் பலமுறை சொல்லியிருந்தீர்கள். அதெல்லாம் காதோடு சரி.

ஒரு இடத்தில்தான் நான் முரண்டு பிடித்தேன். ‘நான் இன்று யாரையாவது இடித்திருக்கலாம், அது எனக்கு ஒருபோதும் தெரியாமலே போகலாம்’ என்று எழுதி, சத்தமாகப் படித்து, போனில் பதிவுசெய்து தினமும் கேட்கச் சொன்னீர்கள். எப்படி முடியும்? அபசகுனமாக ஒரு வார்த்தை வந்தாலே எங்கள் அம்மா “வாயைக் கழுவு” என்பாள். நல்ல வார்த்தை பேசு, வாய் வைத்தால் பலித்துவிடும் என்று கேட்டு வளர்ந்தவனிடம், நான் கொலைகாரனாக இருக்கலாம் என்று தினம் சொல் என்றால்? உங்களுக்கும் அது புரிந்தது. உங்கள் வீட்டிலும் அப்படித்தானே வளர்த்திருப்பார்கள். “கேட்டுட்டு வந்து சொல்றேன் சார்.”

அடுத்த வாரம் ஒரு யோசனையோடு வந்தீர்கள். “வாயால சொன்னா பலிக்கும்னா, நல்லதும் பலிக்கணும்ல சார்? உங்களுக்கு மேனேஜர் புரமோஷன் வரும்னு இந்த வாரம் முழுக்கக் காலையில எழுந்ததும் சொல்லுங்க. என்ன ஆகுதுன்னு பாப்போம்.” சொன்னேன். பூஜை அறையில் நின்றே சொன்னேன், சலுகை கொடுக்கக் கூடாது என்று. மனைவியும் ஆர்வமாக இருந்தாள். புரமோஷன் வரவில்லை, அந்த வாரம் எனக்கு வந்தது தணிக்கைதான். உங்கள் அறையில் அதைச் சொன்னபோது இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் அடுத்த அறைக்காரர் எட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகு அந்த வாக்கியத்தைப் படிக்க முடிந்தது. முதலில் குரல் நடுங்கியது. பிறகு சலித்துப்போயிற்று. பயம் சலிப்பாக மாறும் என்று எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை.

என் மனைவியை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்ததற்குத் தனியாக ஒரு நன்றி. அவள் “இல்லைங்க” என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் நோய்க்குத்தான் சோறு போடுகிறாள் என்று, அவள் மனசு புண்படாமல் எப்படிச் சொன்னீர்களோ. அவளுக்கு ஒரு பதில் கற்றுக்கொடுத்தீர்கள்: “இதை நீங்க கேக்கல, உங்க ஓ.சி.டி. கேக்குது. அதுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன்.” மேடம், நீங்கள் இதில் ஒன்றைக் கவனிக்கவில்லை. இத்தனை வருஷக் குடும்ப வாழ்க்கையில் புருஷனுக்குப் பதில் சொல்ல மாட்டேன் என்று சொல்ல டாக்டர் சீட்டோடு அவளுக்கு அனுமதி கிடைத்தது அதுதான் முதல் தடவை. “காபி இருக்கா?” என்று கேட்டாலும் கொஞ்ச நாள் அதே பதில்தான் வந்தது.

மாத்திரையைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கணக்கு ஒத்துப்போகாது. மனநல மருத்துவர் எழுதிக்கொடுத்ததைப் போட்டேன். இந்த நோய்க்கு அளவு கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும், பலன் தெரியப் பல வாரம் ஆகும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். பேச்சா மாத்திரையா என்று இன்று ஊரில் யாராவது என்னிடம் கேட்டால், எனக்கு இரண்டும் என்றுதான் சொல்கிறேன். மாத்திரை சத்தத்தைக் குறைத்தது. திரும்பிப் பார்க்காமல் நடக்க நீங்கள் பழக்கினீர்கள்.

உங்கள் போஸ்டிங் முடிகிறது, வேறு பிரிவுக்குப் போகிறீர்கள் என்று சொன்ன நாள் எனக்குப் பிடிக்கவில்லை. பயிற்சி இடத்தில் இது உண்டு என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தீர்கள், இருந்தும் பிடிக்கவில்லை. அடுத்து வந்த தம்பியை அறிமுகப்படுத்தி, மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து, ஏணியில் எந்தப் படியில் நிற்கிறோம் என்று என்னையே சொல்லவைத்தீர்கள். சொல்லச் சொல்ல, இது எனக்கே தெரிகிறதே என்று தோன்றியது. தம்பியும் நல்ல பிள்ளை. தமிழ் கொஞ்சம் தடுமாறும். அவர் நல்ல தமிழில் பேச முயன்றபோதெல்லாம் நான் செய்தி கேட்பதுபோல உட்கார்ந்திருந்தேன். அவரும் “கேட்டுட்டு வரேன்” என்றார். அப்போது தெரிந்தது, இது உங்கள் ஒருவர் குணமில்லை, அந்த இடத்தின் பழக்கம்.

இப்போது, முகம் தெரியாதவர்கள். என்னைப் பார்க்கும் முன்பு நீங்கள் சிலரைப் பார்த்திருப்பீர்கள். அவர்களில் ஒருவர் உங்களுடைய முதல் நோயாளி. அன்றைக்கு உங்கள் பேனா நடுங்கியிருக்கும். கேட்க வேண்டியதை மறந்திருப்பீர்கள், கேட்கக் கூடாத இடத்தில் கேட்டிருப்பீர்கள். அவரும் பொறுத்துக்கொண்டு பதில் சொன்னார். அடுத்த வாரமும் வந்தார். என்னிடம் எப்போது பேசாமல் மணியைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்ததே, அதை உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அவர்தானோ என்னவோ. அதற்கும் முன்னால், தன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்ப் பார்த்ததை எங்கேயோ ஓர் ஊரில் ஒரு ஆள் வெட்கத்தை விட்டு ஒரு மருத்துவரிடம் சொல்லியிருக்கிறார். சொன்னதால்தான் அது புத்தகத்தில் ஏறியது. அவரும் எனக்கு இந்த உதவியை இலவசமாகச் செய்துகொடுத்திருக்கிறார். யாருக்கு என்று தெரியாமலே.

பிறகு, பதிவு கவுண்டரில் ஃபைல் எடுத்துக் கொடுத்தவர்கள், கன்னடம் தெரியாமல் நான் நின்றபோது எந்த அறை என்று தமிழில் சொல்லிக் கூட்டிக்கொண்டு போய்விட்ட துப்புரவுத் தொழிலாளி அம்மா. அவர் பூர்வீகம் திருப்பத்தூராம். பெங்களூரில் பாதி இடங்களில் நமக்கு வழி காட்டுவது இவர்கள்தான்.

பஸ் ஏறிப் பெங்களூரு வர முடியாதவர்கள் இதைப் படித்தால், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416. காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். அங்கே எடுப்பவரும் “கேட்டுட்டு சொல்றேன்” என்றால் போனை வைத்துவிடாதீர்கள்.

இப்போது நான் வண்டி ஓட்டுகிறேன். பள்ளத்தில் இறங்கும்போது நினைப்பு வருகிறது. வரட்டும் என்று போகிறேன். சில நாள் கழுத்து திரும்பிவிடுகிறது. அன்றைக்கு ஏணியில் ஒரு படி கீழிருந்து ஆரம்பிக்கிறேன். அளவுகோலில் கடைசியாகப் பார்த்தபோது ‘லேசு’ என்ற கட்டத்தில் இருந்தேன். தினத்தந்தியில் முதலில் சினிமாப் பக்கம்.

ஒரு விஷயம் பாக்கி. உங்கள் தேர்வுக்குக் கேஸ் ரெக்கார்டு சமர்ப்பிக்க வேண்டும் என்று என்னிடம் கையெழுத்துக் கேட்டீர்கள், பெயர், ஊர் எல்லாம் மாற்றிவிடுவோம் என்று. போட்டுக்கொடுத்தேன். அந்தச் சம்மதத்தை இப்போது கொஞ்சம் நீட்டித்துத் தருகிறேன். நீங்களும் ஒரு நாள் ஓரமாக நாற்காலி போட்டு உட்காரும் மேற்பார்வையாளர் ஆவீர்கள். உங்களிடம் பயிலும் பிள்ளைகளுக்கு என் கேஸைப் பாடமாக வைக்கலாம். பெயரை மாற்றிக்கொள்ளுங்கள், ஊரை மாற்றிக்கொள்ளுங்கள், வண்டியைக்கூட காராக்கிக்கொள்ளுங்கள். புரமோஷன் கதையை மட்டும் அப்படியே சொல்லுங்கள். இன்னும் வரவில்லை என்பதையும் சேர்த்து.

இப்படிக்கு,
ஓசூர் கேஷியர்